திரும்பாத பக்கம்

"நான் செய்யவே இல்லை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற கட்சிக்காரனுக்காக வாதாடுவது வக்கீலுக்குப் பழகிய வேலை. "நான்தான் செய்தேன், என்னை விட்டுவிடுங்கள்" என்று அடம்பிடிக்கிறவனுக்காக எப்படி வாதாடுவது என்று எந்தச் சட்டக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. இலவச சட்ட உதவி என்ற பெயரில் தூத்துக்குடி நீதிமன்றம் என் தலையில் கட்டிய உச்சிமாகாளி இந்த இரண்டாவது ரகம்.

பாளையங்கோட்டைச் சிறையில் அவனை முதன்முதலில் பார்த்தேன். உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பு வாருகிறவன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி உதட்டுக்குப் பக்கத்தில் முடிகிற பெரிய தழும்பு. சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியதாம். நான் வக்காலத்தை எடுத்து நீட்டியதும் கையெழுத்துப் போடாமல் அதைத் திருப்பித் தள்ளினான்.

"எதுக்கு வீணா அலையுதீங்க வக்கீலய்யா? நான்தான் தள்ளிவிட்டேன். ஒத்துக்கிட்டு உள்ள கெடந்துருதேன்."

"தள்ளிவிட்டது ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்ல. அன்னைக்கு எங்க அம்மன் கோயில் கொடை. மத்தியானமே குடிச்சிட்டேன். பொழுதடைய எங்க கெடந்தேன், யாரு வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா, ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எப்படி நான்தான்னு சொல்லுத?"

"படத்துல பாத்தேம்லா."

அவன் சொன்ன படத்தை நானும் பார்த்திருந்தேன். கோயில் திருவிழாவான கொடை நாளன்று சாயங்காலம் ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தபோது, உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் காவலாளி வேதமாணிக்கத்தை யாரோ சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். பின்மண்டை கல்லில் பட்டுப் பாவம் மனிதர் அங்கேயே போய்விட்டார். எடைமேடையில் இருந்த கேமரா, தள்ளியவனைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்திருந்தது. வலது காது, ஒரு மூக்கு, பாதி உதடு. அவன் கடைசிவரை கேமரா பக்கம் திரும்பவே இல்லை.

முன்காலமாக இருந்தால் போலீஸ்காரர்கள் ஊரில் பாதிப்பேரை ஸ்டேஷனுக்கு அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது அவர்களிடம் 'சுழல்முகம்' இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு நிரல். ஸ்டேஷன்களில் அதற்குத் 'திருப்பு மெஷின்' என்று பெயர். பக்கவாட்டுப் படத்தைக் கொடுத்தால் அது முகத்தை மெல்ல மெல்ல நம் பக்கம் திருப்பிக் காட்டும். கிட்டங்கிப் படத்தை அப்படித் திருப்பியபோது உச்சிமாகாளியின் முகம் வந்தது, இடது கன்னத்துத் தழும்போடு. 'தழும்பு உட்பட அச்சாகப் பொருந்துகிறது' என்று குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். பேப்பர்களிலும் அதையே கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

"அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அடிச்சிருந்தா நான் இல்லன்னு சொல்லிருப்பேன். ஒரு அடி அடிக்கல. டீ வாங்கிக் குடுத்து அந்தப் படத்தப் போட்டுப் போட்டுக் காட்டுனாவ. எம் மூஞ்சி என்னையவே திரும்பிப் பாக்குது. எனக்குத்தான் ஞாபகம் இல்ல, மெஷினுக்கு இருக்கும்லா?"

வெளியே சிறை வாசலில் அவன் மனைவி சந்தனமாரி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஜாமீன் மனுவில் போடுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று அவளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அவிய குடிப்பாவ ஐயா, இல்லன்னு சொல்லல. ஆனா குடிச்சா அழத்தான் செய்வாவ. யாரையும் கைநீட்ட மாட்டாவ. போன தடவ மனுப் போட்டுப் பாக்க வந்தப்ப எங்கிட்டயே சொல்லுதாவ, நான் கொலகாரன், நீ உன் ஆத்தா வீட்டுக்குப் போயிருன்னு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அவன் செய்தானா இல்லையா என்று தெரியாது. அது என் கவலையும் இல்லை என்றுதான் இத்தனை காலம் தொழில் செய்திருக்கிறேன். ஆனால் செய்ததாக நினைவே இல்லாத ஒருவன், ஒரு மெஷின் சொன்னதை நம்பித் தன்னையே கொலைகாரன் என்று முடிவு கட்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது, சரி. இவன் நீதிபதி முன்னாலேயே "ஆமாய்யா" என்று தலையாட்டிவிட்டால் நான் என்னத்தைக் கிழிப்பது? முதலில் நம்பவைக்க வேண்டியது நீதிபதியை அல்ல, இவனை.

விசாரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. சுழல்முகம் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. வானத்துக்காகச் செய்தது. செய்தவர் மேற்கு மலையில் ஒரு வானியல் மையத்தில் இருந்தார். பெயர் டாக்டர் உலகம்மை, தென்காசிக்காரர். என் பழைய காரை மலை ஏற்றினேன்.

உலகம்மைக்கு நாற்பதைத் தாண்டியிருக்கலாம். சுருக்கமான ஆள், சிரிப்பை அளந்து செலவழிக்கிறவர். அவருடைய அறையில் சுவரே தெரியாத அளவுக்குப் படங்கள். எல்லாம் சுருள்சுருளாக, நீலமும் பொன்னுமாக, கோலப்போட்டியில் பரிசு வாங்கியவை போல இருந்தன.

"அந்த நிரலைப் போலீசுக்கு நான் குடுக்கல," என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "மையம் ஒரு கம்பெனிக்குக் குடுத்துச்சு, அவங்க போலீசுக்கு வித்தாங்க. எனக்கு வானம்தான் தெரியும். கேலக்ஸின்னா என்னன்னு தெரியுமா?"

"நட்சத்திரக் கூட்டம். நம்ம சூரியனும் ஒண்ணுல இருக்கு. அதுக்கு மேல கேட்டீங்கன்னா எனக்கு வாய்தா வேணும்."

அளந்த சிரிப்பில் கொஞ்சம் எனக்குக் கிடைத்தது.

"ஆப்பம் சாப்பிடுவீங்கல்ல? மேல இருந்து பாத்தா வட்டம், நடுவுல மொத்தம், ஓரத்துல மெலிசு. அதைக் கண்ணுக்கு நேரா தட்டையாப் பிடிச்சுப் பாருங்க. என்ன தெரியும்?"

"ஒரு கோடு. நடுவுல கொஞ்சம் புடைப்பு."

"அவ்வளவுதான். சுருள் கேலக்ஸி ஒவ்வொண்ணும் ஒரு ஆப்பம். வானத்துல கண்டபடி சாய்ஞ்சு கிடக்கு. சிலது முழு முகத்தையும் நமக்குக் காட்டும். சிலது ஓரத்தை மட்டும்தான் காட்டும்." மேசையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு வானத்தில் வெளிச்சத்தால் ஆன ஒரு ஊசி. நடுவில் வெள்ளையாக ஒரு வீக்கம். ஊசியின் நீளத்துக்கும் நடுவே கறுப்பு நூல் ஒன்று ஓடியது. ஒரு முனை மட்டும் லேசாக வளைந்து தூக்கியிருந்தது.

"இந்தக் கறுப்பு என்ன?"

"தூசி. புது நட்சத்திரம் பிறக்கிறதே அதுலதான். பின்னால இருக்கிற வெளிச்சத்தை அது மறைச்சிருது. சுருள் கைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா மடிஞ்சு கிடக்கு. ரெண்டு கையா, நாலு கையா, சொல்ல முடியாது. நடுவுல இருக்கிற புடைப்பு உருண்டையா, இல்ல நீளமான ஒரு கட்டையை நாம முனையில இருந்து பாக்கிறோமா, அதுவும் சொல்ல முடியாது."

"சுத்திப் போய் அந்தப் பக்கம் நின்னு பாக்க வேண்டியதுதானே?"

"போகலாம். மனுஷ இனம் உண்டானதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஆன காலத்தை விட ரொம்ப அதிகமா ஆகும்."

"அவ்வளவு பெரிய வாய்தா எந்தக் கோர்ட்டும் தராது."

"அதனாலதான் இதைச் செஞ்சேன்." அவர் சுவரைக் காட்டினார். முகம் காட்டுகிற நட்சத்திர மண்டலங்களை ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குக் காட்டி, ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுச் சாய்த்து, சாய்த்தால் எப்படிக் கோடாகிறது என்று பழக்கியிருக்கிறார். பிறகு அதையே தலைகீழாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். கோட்டைக் கொடுத்தால் முகம் வரும். கோட்டின் எந்த இடத்தில் வெளிச்சம் கூடுதல், எந்த முனை நம்மை நோக்கி வருகிறது, எந்த முனை விலகிப் போகிறது என்று சில துப்புகளை வைத்து அது மிச்சத்தை வரைந்துவிடும். அப்படி வரைந்த முகங்களைத் தொகுத்து அவர் வெளியிட்ட 'வான்முக நிரல்' என்ற பட அட்டவணை உலகம் முழுக்க இருக்கிறது. நம் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தின் அட்டையிலேயே அதிலிருந்து ஒரு படம்தான்.

நான் கிட்டங்கிப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பக்கவாட்டு முகம் மெதுவாகத் திரும்பி உச்சிமாகாளியானது.

"நல்லா வந்திருக்கு," என்றார் உலகம்மை, சமையலை ருசி பார்ப்பது போல.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஒருவன் ஆயுள் தண்டனைக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறான், இந்த அம்மாளுக்கு நல்லா வந்திருக்காமே! குறுக்கு விசாரணைப் பழக்கத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"கேமரா வலது பக்கம் நின்னுச்சு. வலது பக்கத்தை மட்டும்தான் பாத்துச்சு. இந்தத் தழும்பு இருக்கிறது இடது கன்னத்துல. அதை உங்க மெஷின் எங்க நின்னு பாத்துது?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. இத்தனை நாள் நானும் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் இனி வழியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ், பேப்பர், ஊர், வக்கீல், ஏன், தழும்பு வைத்திருப்பவன் உட்பட எல்லோரும் அதையே பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

உலகம்மை படத்தை மறுபடி ஓட்டினார். பிறகு இன்னொரு தடவை. முகத்திலிருந்த களை போய்விட்டது.

"இதுக்குப் பழக்குறதுக்கு எந்த முகங்களைக் குடுத்தாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஏட்டையாவுக்கு நிறைய புரோட்டா வாங்கிக் கொடுத்திருந்தேன். கம்பெனிக்காரர்கள் மெஷினை விற்கும்போது, உள்ளூர் முகங்களைக் கொஞ்சம் பழக்கினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் அப்போது கைவசம் இருந்தது ஒரே ஒரு கட்டுப் படங்கள்தான். அதற்கு முந்தின கோடையில் உப்பளத்து ஆட்கள், களத்தில் குடிதண்ணீரும் ஒதுங்க நிழலும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல எல்லோரையும் கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் தக்காளி சாதம் போட்டு, ஒவ்வொருவரையும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்துச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அந்தப் படங்களைத்தான் கொடுத்தார்கள். உச்சிமாகாளியும் அந்த மண்டபத்தில் தக்காளி சாதம் சாப்பிட்டவன்.

"அப்போ அது யாரைப் பாத்தாலும் அந்த மண்டபத்துல இருந்தவங்கள்ல ஒருத்தராத்தான் திருப்பும்," என்றார் உலகம்மை மெதுவாக. "கவர்னரோட பக்கவாட்டுப் படத்தைக் குடுத்தாலும் ஒரு உப்பளத்துக்காரராத்தான் வருவார். தெரியாத இடத்துல அது தனக்குத் தெரிஞ்சதைப் போட்டு நிரப்புது."

"இதைக் கூண்டுல ஏறிச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிக்கணும் அண்ணாச்சி" என்றார் கடைசியில். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் படித்தவர்களின் சாமர்த்தியத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். தான் பெற்ற பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அவரே என் அலுவலகத்துக்கு வந்தார். உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். தண்ணீர் குடித்துவிட்டுப் பையிலிருந்து சில படங்களை எடுத்து என் மேசையில் பரப்பினார். எல்லாம் அவருடைய வானத்து முகங்கள்.

"உங்க தழும்பைத் தேடுனேன்," என்றார்.

"வானத்துலயா?"

"பாருங்க. ஒவ்வொண்ணுலயும் வெளிக் கையில, பாதி தூரத்துல, ஒரு சின்ன முறிவு தெரியுதா? பாலம் உடைஞ்ச மாதிரி?"

தெரிந்தது. ஒன்றைக் காட்டியபின் எல்லாவற்றிலும் தெரிந்தது.

"இந்த முறிவு உண்மையாவே ஒரே ஒரு கேலக்ஸியில இருக்கு. அது நமக்குக் கிட்டத்துல, முகத்தை நல்லாக் காட்டிக்கிட்டு இருக்கிறது. அதனால அதுக்குப் படங்கள் ஜாஸ்தி. நான் பழக்குறப்ப அதையே திரும்பத் திரும்பக் குடுத்திருக்கேன். நிரலுக்கு கேலக்ஸின்னாலே அந்த முறிவு இருக்கணும்னு ஆயிருச்சு. தூசி மறைச்ச இடத்துல எல்லாம் அதையே போட்டு வச்சிருக்கு." அவர் படங்களை ஒன்றாக அடுக்கினார். "அந்த முறிவு ஏன் வருதுன்னு ஆராய்ச்சி பண்ணி ரெண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க அண்ணாச்சி. நான்தான் பரீட்சகர்."

சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இளமை முழுவதையும் கொடுத்து ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அது அத்தனையும் கற்பனை என்று தானே கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! எனக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் உண்டானது.

"உங்க மையத்து இயக்குநர் என்ன சொல்லுதாரு?"

"போலீஸ் தப்பாப் பயன்படுத்திட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க, வானத்தைத் தொடாதீங்கன்னு சொல்றார். தொட்டா மையத்தையே இழுத்து மூடணுமாம்."

இங்கே என் தொழில்புத்தி வேலை செய்ததை மறைப்பானேன். "அவர் சொல்லுததும் சரிதான்," என்றேன். "எனக்கு அந்தப் பாதி போதும். ஆளை வெளிய கொண்டாந்துருவேன். உங்க படம் எல்லாம் சுவத்துல அப்படியே இருக்கட்டும்."

"அரசு வக்கீல் சும்மா இருப்பாரா? உலகமே வானத்துக்கு ஏத்துக்கிட்ட மெஷின் இதுன்னு சொல்ல மாட்டாரா?"

சொல்லுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

"அது கிடக்கட்டும். உங்க கட்சிக்காரர் தான்தான் செஞ்சோம்னு நம்புறாராமே. அவருக்குப் பாதி போதுமா?"

சாட்சிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க அன்று மாலையே மனுப்போட்டேன்.

விசாரணை நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. உப்பளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். உச்சிமாகாளி கூண்டுக்குள் தலையைக் குனிந்து நின்றான். உலகம்மை வெள்ளைப் பருத்திச் சேலையில் வந்து சத்தியம் செய்துவிட்டு, நீதிபதிக்கு ஆப்பத்திலிருந்து தொடங்கினார். நீதிபதி தூத்துக்குடியில் ஆப்பம் கிடைக்கிற கடை ஒன்றைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, சூழ்நிலையை உணர்ந்து விட்டுவிட்டார்.

அரசு வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர், கெட்டிக்காரர். எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"இந்த நிரல் வானத்துல சரியா வேலை செய்யுதுன்னு உலக விஞ்ஞானிகள் ஏத்துக்கிட்டிருக்காங்க. உண்டா இல்லையா?"

"ஏத்துக்கிட்டாங்க. தப்பு. நான் சொன்னதால ஏத்துக்கிட்டாங்க."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது.

"தப்புன்னு எதை வச்சுச் சொல்றீங்க? நீங்களே சொன்னபடி, அந்தப் பக்கம் போய்ப் பாத்தவங்க யாரும் கிடையாதே?"

"ஒரே ஒரு கேலக்ஸிக்கு மட்டும் போய்ப் பாக்க வேண்டாம் சார். நாம இருக்கிற கேலக்ஸி. உள்ளேயே உக்காந்து நட்சத்திரம் நட்சத்திரமா தூரத்தை அளந்து வரைபடம் போட்டுட்டோம். அதோட முகம் நமக்குத் தெரியும்." திரையில் ஒரு சுருள் வந்தது. "இதை வெளியே ரொம்ப தூரத்துல நின்னு ஓரமாப் பாத்தா எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டு ரெண்டு படம் எடுத்தேன். ஒண்ணு இந்தத் திசையில இருந்து. ஒண்ணு கால் சுத்து தள்ளி, அந்தத் திசையில இருந்து." இரண்டு கோடுகள் வந்தன. ஒன்றின் நடுவில் உருண்டையான புடைப்பு. மற்றதில் அது நீளமாக, நிலக்கடலை மாதிரி இருந்தது. "ஒரே கேலக்ஸிதான். இந்த ரெண்டு கோட்டையும் சுழல்முகத்துக்கிட்ட தனித்தனியாக் குடுத்தேன்."

இரண்டு கோடுகளும் மெல்ல மெல்லத் திரும்பின. இரண்டு முகங்கள் வந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டும் அசல் முகத்தைப் போலவும் இல்லை. ஆனால் இரண்டின் வெளிக் கையிலும், பாதி தூரத்தில், அந்த முறிவு மட்டும் அச்சாக இருந்தது.

"இந்த முறிவுதான் அந்தத் தழும்பு," என்றார் உலகம்மை. "நம்ம கேலக்ஸியில அது கிடையாது. நிரல் அதைப் பாக்கல. அதுக்கு அது ஏற்கனவே தெரியும், அதனால போட்டுருச்சு. அது சொல்லியிருக்கணும், இந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுன்னு. அப்படிச் சொல்ல அதுக்கு நான் கத்துக் குடுக்கல. என் வான்முக நிரல் முழுக்க இதே கோளாறுதான். அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

அரசு வக்கீல் சிறிது நேரம் தன் கட்டைப் புரட்டினார். பிறகு "கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மனிதர் நல்லவர் என்று முன்பே சொன்னேன்.

நான் கூண்டைப் பார்த்தேன். உச்சிமாகாளி தலை நிமிர்ந்திருந்தான். திரையில் இருந்த இரண்டு பொய் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தன்னையறியாமல் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

நீதிபதி அவனிடம் திரும்பினார். "ஆரம்பத்துல இருந்து நீங்கதான் செஞ்சதாச் சொல்லிட்டு இருக்கீங்க. இப்ப என்ன சொல்லுதீங்க? வேதமாணிக்கத்தைத் தள்ளிவிட்டது நீங்களா?"

இவன் இப்போது "ஆமா" என்று சொன்னால் எல்லாம் போச்சு. "இல்லை" என்று சொன்னால் நல்லது. ஆனால் அதையும் யாரோ சொல்லிக்கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"எனக்குத் தெரியாது ஐயா," என்றான் உச்சிமாகாளி. "ஸ்டேஷன்ல முதல்ல கேட்டப்பவும் இதத்தான் சொன்னேன். தெரியாதுன்னா செஞ்சிருக்கேன்னு அர்த்தம்னு சொன்னாவ. நானும் அப்படித்தான் போலுக்குன்னு நெனச்சேன். அந்த அம்மா இவ்வளவு படிச்சவிய, அவியளே தெரியாதுன்னு சொல்லுதாவ. அதான் நானும் சொல்லுதேன். எனக்குத் தெரியாது."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. சந்தனமாரியாகத்தான் இருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கே கண் கலங்கிப் போயிருந்தது.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்தார்கள்.

உலகம்மைக்கு விடுதலை கிடைக்கவில்லை. வான்முக நிரல் திரும்பப் பெறப்பட்டது. பாடப்புத்தகத்துக்கு வேறு அட்டை போட்டார்கள். 'ஆப்பம் சுட்ட விஞ்ஞானி' என்று ஒரு பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டது. மையத்தில் அவரைப் பதவி இறக்கி, கருவிகளைச் சுத்தம் செய்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். போனில் பேசும்போதெல்லாம் "லென்ஸ் துடைக்கிறேன் அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு" என்பார். மிச்ச நேரத்தில் புதிதாக ஒரு தொகுப்புச் செய்கிறாராம். ஓரத்தைக் காட்டுகிற மண்டலங்கள் மட்டும். கோடு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு மட்டும் வெளிச்சம், மற்றதெல்லாம் வெறும் கறுப்பு.

மழைக்காலம் வந்தது. உப்பளங்கள் தண்ணீரில் கிடந்தன. ஒருநாள் காலையில் இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் செய்தார். கிட்டங்கி வழக்கு முடிந்துவிட்டதாம். வேறொருவன் பிடிபட்டு, தானே ஒப்புக்கொண்டும் விட்டானாம். "உங்க ஆளு தப்பிச்சான் சார், இனி யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்ல முடியாது," என்றார் பெருந்தன்மையாக.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகத்தின் பலனில் வெளியே வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, அவன் தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் தெரியும். விடுதலையான பிறகும் அந்தக் கொடை நாள் அவனுக்கு இருட்டாகத்தான் இருந்தது. அன்றோடு குடியை விட்டுவிட்டான், சிரிப்பையும் கொஞ்சம் விட்டுவிட்டான். இனி அவன் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டு, கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு மழையோடு மழையாக அவன் வீட்டுக்குப் போனேன்.

உள்ளே ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். சுவரில் உலகம்மை அனுப்பிய படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நம்முடைய நட்சத்திர மண்டலம்தான், ஓரமாக: ஒரு கோடு, நடுவில் புடைப்பு, கறுப்பு நூல். நான் சேதியைச் சொன்னதும் சந்தனமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

உச்சிமாகாளி அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"யாரு அந்த ஆளு?"

"லாரி கிளீனராம். சின்ன வயசு. அவனும் அன்னைக்குக் கொடை பாக்க வந்தவன்தானாம்."

"குடிச்சிருந்தானா?"

"கொடைக்கு வந்தவன் பால் குடிச்சுக்கிட்டா இருப்பான்?" சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கண்ணால பாத்த சாட்சி யாரும் உண்டா?"

"அதெல்லாம் நான் கேக்கல. அவனே ஒத்துக்கிட்டான்ல. நீ ஏன் இன்னும் போட்டுக் குழப்பிக்கிடுத?"

"அவனுக்கு ஞாபகம் இருந்து ஒத்துக்கிட்டானா," என்று கேட்டான் உச்சிமாகாளி, "இல்ல, படத்தக் காட்டுனாவளா?"

மக்ரூன் டப்பாவைக் கீழே வைத்தேன். அந்த வழக்கில் சுழல்முகத்தை நம்பக்கூடாது என்று தீர்ப்பில் இருந்தது. வேறு பெயரில், வேறு கம்பெனியிடம், வேறு முகங்களைப் பழக்கிய இன்னொரு மெஷின் இருக்கக் கூடாது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. கேட்காமல் இனிப்பு வாங்கப் போய்விட்டேன்.

"தெரியாது," என்றேன்.

"அவனுக்கு வக்கீல் யாரு?"

"இன்னும் யாரும் இல்லன்னுதான் நெனைக்கேன்."

உச்சிமாகாளி எழுந்து கொடியில் ஈரமாகக் கிடந்த சட்டையை எடுத்து உதறி மாட்டினான். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வாங்க வக்கீலய்யா, போயிக் கேட்டுட்டு வருவோம்," என்றான்.

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிரிக்காத மக்ரூன் டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மழை படாமல் வாயைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பையன் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்," என்றாள்.